எடையில்லாத உலகில் ஒரு கான்கிரீட் வீடு: செகண்ட் லைஃபில் கட்டி அலங்கரிக்கும் முறை

கோலாலம்பூரின் செந்தூலில் நான் வளர்ந்த அடுக்குமாடியின் படிக்கட்டுச் சுவருக்குச் சாந்துப் பூச்சு கிடையாது. கான்கிரீட்டை வார்த்தபோது தாங்கி நின்ற பலகைகளின் தடம் அந்தச் சுவரில் அப்படியே படிந்திருந்தது. பள்ளி விட்டுப் படியேறும்போது விரலை அதன்மீது ஓட்டிக்கொண்டே போனால், மரத்தின் ரேகையும், பலகைக்கும் பலகைக்கும் இடையே பிதுங்கி உறைந்த சிமெண்டு விளிம்பும், ஆணி இருந்த இடத்துச் சிறு குழியும் ஒவ்வொன்றாக விரலுக்குத் தட்டுப்படும். செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில் எனக்கென்று ஒரு வீடு கட்ட உட்கார்ந்த நாளில் அந்தச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. அத்தகைய வெறும் கான்கிரீட் வீட்டை அந்த மெய்நிகர் உலகில் எழுப்பி, மிகக் குறைந்த பொருள்களோடு அலங்கரிக்கும் முறையை, நான் செய்து பார்த்துக் கற்ற வரையில் இங்கே எழுதுகிறேன்.

இத்தகைய வெறும் கான்கிரீட் கட்டடப் பாணிக்குப் புரூட்டலிசம் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டவுடன் கொடூரம் என்று பொருள் கொள்கிறவர்கள் உண்டு. பூச்சில்லாத கான்கிரீட்டைக் குறிக்கும் ‘பெட்டோன் ப்ரூ’ என்ற பிரெஞ்சுத் தொடரோடு பிணைந்த பெயர் அது. கட்டடக் கலைஞர் லெ கார்புசியே பிரான்சின் மார்செய் நகரில் 1952இல் கட்டி முடித்த பெரிய அடுக்குமாடி இந்தப் பாணிக்கு வழிகாட்டியாக அமைந்தது. பிறகு சண்டிகர் வரைக்கும் அது பரவியது. கோலாலம்பூரில் இருப்பவர்கள் இதைப் படங்களில் தேட வேண்டியதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் கிங்டன் லூ வடிவமைத்து 1966இல் எழுந்த துங்கு சான்சலர் மண்டபத்தின் முன்னால் ஒரு மாலை நேரம் நின்றால் போதும். ஐவர் ஷிப்லி வடிவமைத்து 1963இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றக் கோபுரத்தின் அன்னாசித்தோல் போன்ற நிழல்திரையையும் பாருங்கள். வெயிலைத் தடுக்கும் வேலையே ஒரு கட்டடத்தின் முகமாக ஆனது அங்கே தெரியும். பினாங்கில் இருப்பவர்கள் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களைப் பார்க்கலாம். முன்வார்ப்புப் பலகங்களால் எழுப்பப்பட்ட கட்டடங்கள் அவை.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. குறைந்த பொருள்களோடு வாழும் பாணியும் புரூட்டலிசமும் இயல்பிலேயே உடன்பிறந்தவை என்று பலர் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் இரண்டும் பல இடங்களில் முட்டிக்கொள்கின்றன. முன்னது இணைப்புகளை மறைத்து எல்லாவற்றையும் வழவழப்பாக்கப் பார்க்கும். பின்னது எந்தப் பலகை எங்கே முடிந்தது, எந்தத் தூண் எதைத் தாங்குகிறது என்பதையெல்லாம் வெளியே காட்டும். இரண்டையும் ஒரே வீட்டில் வைக்க விரும்பினால் அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். சுவர், தரை, கூரை மூன்றும் புரூட்டலிசத்தின் பொறுப்பு. அறைக்குள் நுழையும் பொருள்கள் சிக்கனத்தின் பொறுப்பு. இந்தப் பங்கீட்டை மீறிய இடங்களில்தான் என் வீடு கெட்டது.

நிலமும் கணக்கும்

செகண்ட் லைஃபை லிண்டன் லேப் நிறுவனம் 2003இல் திறந்தது. அதில் ஒரு மண்டலம் 256 மீட்டருக்கு 256 மீட்டர். சந்தாதாரர்களுக்குக் கிடைக்கும் லிண்டன் இல்லங்களில் வீடு தயாராகவே வரும்; உள்ளே அலங்கரிக்கலாம், நீங்களே கட்டிய வீட்டை அங்கே நிறுத்த முடியாது. ஆகவே கட்டட அனுமதி உள்ள ஒரு துண்டு நிலத்தை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும். அதற்கு முன் பழக நினைப்பவர்கள் பொதுப் பயிற்சித் திடல்களில் இலவசமாகக் கட்டிப் பார்க்கலாம். ஆனால் சில மணி நேரத்தில் அத்திடல்கள் உங்கள் பொருள்களைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால், எழுந்து போகுமுன் ஒரு நகலை எடுத்து, இன்வென்டரி எனப்படும் உங்கள் பொருள் இருப்பில் வைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு நிலத்துக்கும் லேண்ட் இம்பேக்ட் என்ற வரம்பு உண்டு. நிலம் எவ்வளவு பொருளைத் தாங்கும் என்பதற்கான கணக்கு அது. 1024 சதுர மீட்டர் நிலத்துக்கு வழக்கமாக 351. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி மேசையில் வையுங்கள். வீட்டின் ஓட்டுக்கு, அதாவது சுவர், தரை, கூரை மூன்றுக்கும், ஐம்பதுக்குள் செலவிட்டு மீதியைக் கையிருப்பாக வைத்திருப்பதே என் வழக்கம்.

புரூட்டலிசத்துக்கு இவ்வுலகில் ஒரு பெரிய சாதகம் இருக்கிறது. பிரிம் எனப்படும் அடிப்படை வடிவங்களில் மிக எளியது பெட்டி. வெளி மென்பொருளில் செய்து ஏற்றும் மெஷ் பொருள்கள் பல, தூரத்திலிருந்து பார்க்கும்போது கணினியின் சுமையைக் குறைப்பதற்காகத் தம் வடிவத்தைச் சுருக்கிக்கொண்டு நொறுங்கிய காகிதம்போல் ஆகிவிடும். பெட்டிக்கு அந்தக் குறை இல்லை. எவ்வளவு தூரத்திலும் அது பெட்டிதான். பெட்டிகளாலேயே பேசும் ஒரு கட்டடக்கலைக்கு இதைவிடப் பொருத்தமான களம் இல்லை.

தடிமன்தான் முதல் அலங்காரம்

கண்ட்ரோல், பி விசைகளை அழுத்தினால் கட்டுமானச் சாளரம் திறக்கும். பெட்டியைத் தேர்ந்து தரையில் சொடுக்கினால், பிளைவுட் படம் ஒட்டிய அரை மீட்டர்க் கன சதுரம் ஒன்று வந்து உட்காரும். அதன் அளவு எண்களை மாற்றித்தான் முழு வீட்டையும் கட்டப்போகிறோம். ஒரு பக்கம் 64 மீட்டர் வரை நீளும். 

என் முதல் வீட்டின் சுவர்களுக்கு 0.1 மீட்டர் தடிமன் கொடுத்திருந்தேன். நல்ல கான்கிரீட் படத்தை ஒட்டி, கூரை போட்டு, பினாங்கில் இருக்கும் என் தங்கையை அழைத்துக் காட்டினேன். அவள் ஒரு சுற்று நடந்துவிட்டு, “அக்கா, இந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தா உள்ளே காலியா இருக்கும்போல இருக்கே” என்றாள். அவள் சொன்னதில் அந்த வீட்டின் முழுக் குறையும் அடங்கியிருந்தது. மெய்நிகர் உலகில் எந்தச் சுவருக்கும் எடை கிடையாது. கையால் தட்டிப் பார்க்க வழியும் கிடையாது. கண் நம்பினால்தான் அங்கே எடை உண்டு. கண்ணோ, ஒரு சுவரின் கனத்தை அதன் பரப்பைப் பார்த்து முடிவு செய்வதில்லை, அதன் விளிம்பைப் பார்த்தே முடிவு செய்கிறது.

ஆகவே வெளிச்சுவருக்கு 0.4 முதல் 0.6 மீட்டர், கூரைத் தட்டுக்கு 0.6 முதல் 0.8 மீட்டர் கொடுங்கள். நிஜ வீட்டுக்கு இது மிகை. இங்கே பார்ப்பவரின் கண் ஆளின் தலைக்குப் பின்னால், சற்று மேலே மிதக்கும் கேமராவில் இருக்கிறது. அந்தத் தொலைவில் பாதித் தடிமன் காணாமல் போய்விடும். அதோடு நிற்காமல், அந்தத் தடிமன் தெரியும் இடங்களை உண்டாக்குங்கள். ஜன்னல் கண்ணாடியைச் சுவரின் வெளி முகத்தோடு ஒட்டி வைக்காமல் உட்புற முகம் வரை தள்ளி வைத்தால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அரை மீட்டர் ஆழமுள்ள நிழல் தெரியும். கூரைத் தட்டைச் சுவருக்கு வெளியே ஒன்றரை மீட்டர் நீட்டி விடுங்கள். அதன் முன்விளிம்பு ஒரு தடித்த கோடாக வானத்தின் எதிரில் நிற்கும். நம் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் நிஜத்தில் தேவைப்படும் இந்த நீட்டல், மழை நனைக்காத உலகிலும் வீட்டுக்கு ஒரு காரணத்தைத் தருகிறது.

அதே கேமராவின் பொருட்டு உட்கூரை உயரத்தையும் கூட்டியாக வேண்டும். மூன்று மீட்டர் உயர அறைக்குள் நுழைந்தால் கேமரா கூரைக்கு மேலே போய்விடும். நான் 4.8 மீட்டர் வைக்கிறேன். ஏன் இந்த எண் என்பதைச் சுவரின் மேற்பரப்பைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் பெரிதாக்கிவிடாதீர்கள். படியின் உயரம், இருக்கையின் உயரம், கதவு ஆகியவை உங்கள் உருவத்தின் அளவுக்கே இருக்கட்டும். மனித அளவைச் சொல்லும் ஒன்றிரண்டு பொருள்கள் இல்லாவிட்டால் பிரம்மாண்டமான சுவர்கூடப் பொம்மை வீட்டுச் சுவராகச் சுருங்கித் தெரியும்.

வாசல் வைக்கும் இடத்தில் ஒரு நுட்பம் உண்டு. பெட்டியின் நடுவைக் குடைந்து வாசலாக்குவது எளிது. ஆனால் நிலக்கணக்கைக் குறைக்க, பெட்டிகளை ஒன்றாக இணைத்து, அவற்றின் இயற்பியல் வடிவத்தைத் துளைகளைக் கணக்கில் எடுக்காத ‘கான்வெக்ஸ் ஹல்’ என்ற வெளி உறையாக மாற்றுவோம். அப்படிச் செய்தால் சாதாரணப் பெட்டி ஒன்றுக்கு அரைப் புள்ளியே செலவாகும். குடைந்த பெட்டியை அப்படி மாற்றினால், கண்ணுக்குத் துளை தெரிந்தாலும் உடல் நுழையாது. வாசலில் முட்டிக்கொண்டு நிற்பீர்கள். ஆகவே இடம், வலம், மேல் என்று மூன்று பெட்டிகளை அடுக்கியே வாசலை உண்டாக்குங்கள். என் வீட்டின் ஓட்டுக்கு 46 பெட்டிகள் பிடித்தன. இணைத்த பிறகு நிலக்கணக்கில் அது 23 ஆனது.

இரண்டு பெட்டிகளின் முகங்கள் ஒரே தளத்தில் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் அந்த இடம் நடுங்கி மின்னும், எதை முன்னே காட்டுவது என்று கணினியால் முடிவு செய்ய முடியாததால். பலர் ஒரு பெட்டியை அரை அங்குலம் நகர்த்தி இதை மறைக்கப் பார்ப்பார்கள். நான் அதை வெளிப்படையாகவே செய்கிறேன்: சுவர் கூரையைத் தொடும் இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் பள்ளம் விட்டு, அங்கே ஒரு நிழற்கோடு ஓடும்படி வைக்கிறேன். மின்னலும் நிற்கிறது, எந்தப் பலகம் எங்கே முடிகிறது என்பதும் தெரிகிறது. ரைபிள் ரேஞ்ச் சுவர்களில் பலகங்களின் இணைப்புக் கோடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது.

மேற்பரப்பு

பெரும்பாலான மெய்நிகர்க் கான்கிரீட் வீடுகள் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான் என்பதால், இதில் நிதானமாக நிற்க வேண்டும்.

கான்கிரீட்டுக்குச் சொந்தமாக ஓர் உருவம் கிடையாது. அது தன்னை வார்த்த பலகையின் உருவத்தை வாங்கிக்கொள்கிறது. ஆகவே சுவரின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது அந்தப் பலகை. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பிளைவுட் நான்கடிக்கு எட்டடி, ஏறக்குறைய 1.2க்கு 2.4 மீட்டர். இந்த அளவை வீட்டின் அலகாக எடுத்துக்கொண்டால் எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிடும். சுவரின் உயரம் 4.8 மீட்டர் என்றால் இரண்டு பலகை உயரம். நீளம் 12 மீட்டர் என்றால் பத்துப் பலகை அகலம். ஜன்னலின் விளிம்பும் வாசலின் விளிம்பும் பலகைக் கோட்டிலேயே விழும்படி வையுங்கள். கோடு ஜன்னலின் நடுவில் போய் முட்டினால், அந்தச் சுவர் வார்க்கப்பட்டதென்று எவரும் நம்பமாட்டார்கள். காகிதம் ஒட்டியதுபோலவே தோன்றும்.

படத்தை நீங்களே எடுக்கலாம். மேகம் மூடிய காலை நேரம் இதற்கு உகந்தது. வெயிலில் எடுத்தால் நிழல்கள் படத்துக்குள்ளேயே உறைந்துவிடும், பின்னர் மெய்நிகர்ச் சூரியன் வேறு திசையில் நிற்கும்போது அவை பொய்யாகத் தெரியும். கைப்பேசியைச் சுவருக்கு நேராகப் பிடித்து, 2.4 மீட்டர்ச் சதுரம் அடங்கும்படி எடுங்கள். இரண்டு பலகைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளில் கோணலை நேராக்கி, 1024க்கு 1024 பிக்சலாக வெட்டி, படத்தைப் பாதியளவு நகர்த்தினால் ஓரங்கள் நடுவுக்கு வந்து ஒட்டு தெரியும். அந்த ஒட்டை அழித்துச் சரிசெய்யுங்கள். அதைச் செகண்ட் லைஃபில் ஏற்றுவதற்கு அவ்வுலக நாணயத்தில் பத்து லிண்டன் டாலர். ஏற்றுமுன் ‘லோக்கல்’ படமாகச் சுவரில் வைத்துப் பாருங்கள். உங்கள் திரையில் மட்டும் தெரியும், செலவில்லை. நான் ஆறு முறை திருத்திய பிறகே ஏற்றினேன்.

12 மீட்டருக்கு 4.8 மீட்டர்ச் சுவரில் இந்தப் படம் கிடையாக ஐந்து முறையும் செங்குத்தாக இரண்டு முறையும் திரும்ப வர வேண்டும். இந்த எண்களை நீங்களே கணக்கிட்டு இடுங்கள். படத்தை இழுத்து நீட்டிச் சுவரை நிரப்பினால், மணல் துகள் கூழாங்கல் அளவுக்குத் தெரியும்; வீடு தீப்பெட்டியாகச் சுருங்கிவிடும்.

திரும்ப வருவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஆரம்பத்தில் நான் ஒரு கடையில் வாங்கிய கான்கிரீட் படத்தில் வெற்றிலை வடிவத்தில் ஒரு பழுப்புக் கறை இருந்தது. கடையின் மாதிரிச் சதுரத்தில் அது மிக அழகாகத் தெரிந்தது. சுவரில் ஒட்டியதும் பத்து வெற்றிலைகள், இரண்டு வரிசையில், அணிவகுத்து நின்றன. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அந்தச் சுவரில் வேறெதையும் பார்க்க முடியாது. அடிப்படைப் படத்தில் தனித்துத் தெரியும் எந்தக் கறையும் இருக்கலாகாது என்பதை அன்று கற்றேன். பலகைக் கோடு, துளைகள், மெல்லிய நிற வேறுபாடு ஆகியவை மட்டும் அதில் இருக்கட்டும்.

கறை வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. அது வேண்டும், ஆனால் வர வேண்டிய இடத்தில் வர வேண்டும். கோலாலம்பூரில் பழைய கட்டடம் எதையாவது மழைக்குப் பின் உற்றுப் பாருங்கள். நீட்டலுக்கு அடியில் சுவர் வெளிர்ந்திருக்கும்; நீட்டல் முடிந்து மழைநீர் வழியும் இடத்தில் பாசி கறுத்து நீளமாக இறங்கியிருக்கும்; ஜன்னலின் இரு கீழ் மூலைகளிலிருந்தும் இரண்டு கோடுகள் ஒழுகும்; தரையை ஒட்டி ஒரு முழம் உயரத்துக்குச் சேறு தெறித்த நிறம் இருக்கும். இவற்றை ஒளி ஊடுருவும் தனிப் படங்களாகச் செய்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள பெட்டியின் ஒரு முகத்தில் மட்டும் ஒட்டி, மற்ற முகங்களை மறைத்து, சுவருக்கு முன்னால் நிறுத்துங்கள். ஒரு வீட்டுக்கு ஐந்தாறு போதும். நீர் எங்கே வழியும் என்று யோசித்து வைத்த ஒரு கறை, கண்ட இடத்தில் தெளித்த இருபதைவிட அதிகமாகச் சொல்லும்.

ஒரு பரப்பில் ஒளி எப்படிப் படும் என்பதை நிஜத்தைப்போல் கணக்கிடும் பி.பி.ஆர். வசதி 2023இன் இறுதியில் வந்தது. அது கான்கிரீட்டுக்குப் பெரிய வரம். உலோகத்தன்மையைச் சுழியாகவும், சொரசொரப்பை 0.85க்கு அருகிலும் வையுங்கள். பலகைத் தடத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் நார்மல் படத்தைச் சேர்த்தால், படியேறும்போது என் விரலுக்குத் தட்டுப்பட்ட அந்த விளிம்பு இங்கே கண்ணுக்குத் தட்டுப்படும். பள்ளமாக இருக்க வேண்டிய கோடு மேடாகத் தெரிந்தால், நார்மல் படத்தின் பச்சை அலைவரிசை தலைகீழாக இருக்கிறது என்று பொருள். அதைத் திருப்பி ஏற்றுங்கள். பழைய செயலிகளில் வருகிறவர்களுக்கு பி.பி.ஆர். தெரியாது என்பதால் சாதாரணப் படத்தையும் அதே முகத்தில் ஒட்டி வைப்பது மரியாதை.

நிறம் தூய சாம்பலாக இருக்கத் தேவையில்லை. சற்று மஞ்சள் கலந்த, நடுத்தர அடர்த்தியுள்ள சாம்பல் நம் ஊர் வெளிச்சத்துக்கு ஒத்துப்போகிறது. தரைக்கு நான் பழைய வீடுகளின் சிவப்புச் சிமெண்டை எடுத்துக்கொண்டேன். பல ஆண்டுகள் துடைத்துத் துடைத்து மெருகேறிய அந்தத் தரைக்குச் சொரசொரப்பு 0.4 பொருந்துகிறது. வீட்டில் சாம்பலைத் தவிர்த்த ஒரே பெரிய நிறம் அதுவே.

வெளிச்சம்

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகை அளவில் இருப்பதால் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. அப்போது வெயில் சுவரை நேராகத் தாக்காமல் அதை உரசிக்கொண்டு இறங்கும். உரசும் ஒளியில்தான் சிறு மேடு பள்ளமும் நிழல் விழுத்தும். நேர் எதிரில் நிற்கும் சூரியன் அதே சுவரைத் தட்டையாக்கிவிடும்.

செகண்ட் லைஃபில் ஒரு நாள் நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். நிலத்தின் உரிமையாளர் தம் நிலத்துக்கு மட்டும் தனி வானத்தை அமைத்துக்கொள்ளலாம். 2020 முதல் இந்த வசதி உண்டு. சூரியனை உச்சியிலிருந்து சற்றே சாய்த்து, உங்கள் முக்கியமான சுவரை அது உரசும் கோணத்தில் நிறுத்துங்கள். கோணத்தை ஐந்தைந்து பாகையாக மாற்றிக்கொண்டே சுவரைப் பார்த்திருந்தால், ஒரு கட்டத்தில் பலகைக் கோடுகள் அனைத்தும் ஒருசேர எழுந்து நிற்பதைக் காண்பீர்கள். அங்கே நிறுத்திவிடுங்கள்.

உள்ளே ஒளி வருவதற்கு அகன்ற ஜன்னல்களைவிட ஒரே ஒரு திறப்பு அதிகப் பலன் தரும். கட்டடக் கலைஞர் டடாவோ ஆண்டோ ஜப்பானின் இபராக்கியில் 1989இல் கட்டிய தேவாலயத்தில், சுவரைச் சிலுவை வடிவில் கீறிவிட்ட பிளவு வழியாக ஒளி நுழைகிறது. இருட்டு சூழ்ந்திருப்பதாலேயே அந்தக் கீற்றுக்கு அவ்வளவு வலிமை. நம் வீட்டுக்கு இதற்கு இணையாக முற்றம் இருக்கிறது. நடுவில் 3.6 மீட்டர்ச் சதுரத்தைக் கூரையில்லாமல் விட்டு, சுற்றிலும் அறைகளைத் தாழ்ந்த வெளிச்சத்தில் வைத்தால், எங்கிருந்து பார்த்தாலும் கண் முற்றத்துக்கே போகும். வேறு எதையும் அங்கே மாட்ட வேண்டிய அவசியம் எழாது.

உள்ளறை வெளியைப்போலவே வெளிறித் தெரிந்தால் குழம்ப வேண்டாம். அறைக்குள் ஒரு பெட்டியை வைத்து, அதன் தன்மைகளில் ‘ரிஃப்ளெக்ஷன் புரோப்’ என்பதைத் தேர்ந்து, அறையின் அளவுக்கு விரித்துவிடுங்கள். அது வரையில் வானத்தின் ஒளி சுவர்களைக் கடந்து அறைக்குள் பரவிக்கொண்டிருக்கும். புரோப் வைத்ததும் மூலைகள் இருண்டு, அறைக்கு ஆழம் வரும். இந்த ஒரு செயல்தான் என் வீட்டை மிகவும் மாற்றியது.

விளக்குகளில் கவனம் தேவை. இங்கே எந்தப் பெட்டியையும் விளக்காக்கலாம், ஆனால் சாதாரண விளக்கின் ஒளி சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறையிலும் விழும், நிழலும் விழுத்தாது. அதனால் ஒளி எட்டும் ஆரத்தை இரண்டு மூன்று மீட்டருக்குள் அடக்கி, இருக்கைக்கு அடியிலோ கூரைப் பள்ளத்திலோ விளக்கை மறைத்து, மங்கிய மஞ்சளில் எரிய விடுங்கள். நிழல் வேண்டிய ஓரிடத்தில் மட்டும் புரொஜெக்டர் வகை விளக்கைப் பயன்படுத்தலாம்.

காற்றுக்காகப் பழைய வீடுகளின் படிக்கட்டிலும் சமையலறையிலும் வைத்திருந்த துளையிட்ட சிமெண்டுக் கற்களை இந்த இடத்தில் நினைவுகூர வேண்டும். 0.3 மீட்டர்ச் சதுரமும் 0.2 மீட்டர் ஆழமும் உள்ள பெட்டியை எண்பது விழுக்காடு குடைந்தால் அப்படி ஒரு கல் கிடைக்கும். துளையின் வடிவத்தை வட்டமாக்கலாம், சதுரமாக்கலாம். நாற்பது கற்களை அடுக்கி இணைத்து, கான்வெக்ஸ் ஹல் ஆக்குங்கள். வாசலில் தொல்லை தந்த அந்தக் குணம் இங்கே நன்மையாகிறது, எவரும் துளைக்குள் சிக்கமாட்டார்கள். சாய்ந்த வெயில் அதன் வழியே சிவப்புத் தரையில் விழும்போது, கம்பளம் விரிக்கத் தேவையில்லாத அளவுக்குத் தரை நிறைந்துவிடும்.

உள்ளே என்ன வைப்பது

நாற்காலியும் சோபாவும் வாங்குமுன் திண்ணை போடுங்கள். சுவரிலிருந்தே பிறந்ததுபோல, அதே கான்கிரீட்டில், 0.45 மீட்டர் உயரத்தில், பலகைக் கோடு தொடரும்படி முற்றத்தைப் பார்த்து ஒரு திண்ணை. ஐரோப்பியக் கட்டடக் கலைஞர்கள் சுவரோடு சேர்த்து வார்த்த இருக்கைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், இது நம் பாட்டிமார் வாசலில் உட்கார்ந்திருந்த பொருளாயிற்றே என்றுதான் எனக்குத் தோன்றும். உட்காரும் அசைவுக்கான ஸ்கிரிப்டை ஒரு மறைந்த பெட்டியில் போட்டுவிட்டால், வருகிறவர்கள் வரிசையாக உட்காரலாம். உணவு மேசை, படுக்கை மேடை, புத்தகத் தட்டு ஆகியவற்றையும் இதே முறையில் வார்த்துவிடலாம். அதன்மேல் ஒரு பாய், ஒரு பருத்தி மெத்தை; அவ்வளவே.

தனிப் பொருள்களில் என் வீட்டில் முதலில் வந்தது அம்மி. கான்கிரீட்டுக்கு அருகில் வைக்க அதைவிடக் கனமானதும் உண்மையானதுமான பொருளை என்னால் நினைக்க முடியவில்லை. நடுவில் தேய்ந்து குழிந்த கருங்கல்லும், அதன்மேல் கிடையாகக் கிடக்கும் குழவியும், சமையல் மேடையின் ஓரத்தில் தனியாக. அதைச் சுற்றி ஒரு மீட்டருக்கு வேறு பொருள் எதுவும் இல்லை. இரண்டாவது, முற்றத்துச் சுவரின் மாடத்தில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. சாம்பலும் சிவப்பும் மட்டுமே உள்ள வீட்டில் அதன் பொன்னிறம் தொலைவிலிருந்தே தெரியும். மூன்றாவது, கூரையின் நீட்டலிலிருந்து தொங்கும் மணி பிளாண்ட் கொடி. வாசற்படிக்கு வெளியே ஒரு புள்ளிக் கோலம், ஒளி ஊடுருவும் ஒரே படமாக. சுவரில் படங்கள் மாட்டுவதில்லை. அந்தச் சுவரைச் செய்யப் பட்ட பாட்டுக்குப் பிறகு அதை மறைக்க மனம் வராது.

வெளிக் கடைகளில் எதை வாங்கினாலும், விலையைப் பார்க்குமுன் நிலக்கணக்கைப் பாருங்கள். மூன்று தலையணைகள் அடங்கிய ஒரு தொகுதியை அவசரத்தில் வாங்கினேன். வீட்டில் இறக்கியபோது அது 38 புள்ளிகளை விழுங்கியது, என் வீட்டின் சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்த கணக்கையும் தாண்டி. பண்டத்தின் விளக்கத்தில் அந்த எண் எங்கும் குறிப்பிடப்படவில்லை. அன்று முதல், மாதிரியை இறக்கிப் பார்க்க வழியில்லாத எதையும் நான் வாங்குவதில்லை.

ஒரு பொருளை வைப்பதா வேண்டாமா என்று ஐயம் வந்தால், அதை எடுத்துவிட்டு இரண்டு நாள் வீட்டில் நடமாடுங்கள். அது இல்லாத இடம் உங்களைத் தேட வைத்தால் திரும்ப வையுங்கள். அழகான ஒரு மரப் பெட்டியை நான் இப்படித்தான் இழந்தேன். இரண்டாம் நாள் அது எங்கிருந்தது என்பதே எனக்கு மறந்திருந்தது.

அழைக்குமுன்

வீட்டிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். கூரையின் விளிம்பும், ஜன்னல்களின் இருளும், பாசிக் கோடுகளும் அங்கிருந்து தெரிகின்றனவா என்று கவனியுங்கள். பிறகு காட்சித் தரத்தை மிகக் குறைந்த நிலைக்கு இறக்கி உள்ளே ஒருமுறை நடந்து வாருங்கள். பழைய மடிக்கணினியில் வருகிற நண்பருக்கு நிழலும் நார்மல் படமும் தெரியாது. அவருக்கும் சுவர் தடித்துத் தெரிந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது. சிறிய பரப்புகளுக்கு 1024 பிக்சல் படங்களை வீணாக்காமல் 512 பிக்சலுக்கு இறக்குங்கள். வீடு முழுவதும் இரண்டு மூன்று படங்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், வருகிறவருக்குச் சுவர்கள் விரைவாகத் தெளிவடையும். நள்ளிரவு வானத்திலும் ஒருமுறை பார்த்து, சுவரைத் துளைத்து அடுத்த அறையில் விழும் விளக்கு எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், சுவர்களை ஒரு தொகுதியாகவும், கறைகளைத் தனித் தொகுதியாகவும், துளைக்கற்களை மூன்றாவது தொகுதியாகவும் இணைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நகலைத் தேதியிட்டு இன்வென்டரியில் வைத்துவிடுங்கள். பின்னாளில் ஒரு ஜன்னலை மாற்ற நேர்ந்தால் முழு வீட்டையும் பிரிக்க வேண்டியிராது.